‘பிரேக் பிடிக்கவில்லை’: பிக்கப் உரிமையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

சிறு சரக்கு வண்டி வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பிரேக் தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களையும், அவர்கள் குறை கூறியிருக்கும் நிறுவனங்களின் பெயர்களையும் நீக்கியிருக்கிறேன்; ஒரு தரப்பின் கடிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மறுதரப்பைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது முறையாகாது. ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்ற ஒரே தொடர்தான் இருக்கிறது. பெடல் தரைவரை இறங்கியதா, கல்லைப்போல் இறுகியதா, பஞ்சுபோல் அமுங்கியதா, வண்டி ஒரு பக்கமாக இழுத்ததா என்று எழுதியவர்கள் மிகச் சிலர். இவை நான்கும் வெவ்வேறு கோளாறுகள். காலுக்குக் கீழே என்ன நடந்தது என்று சொல்லாமல் ‘பிடிக்கவில்லை’ என்று மட்டும் சொல்வது, மருத்துவரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பதைப் போன்றது.

கேள்வி: கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிச் செல்கிறேன். வண்டி வாங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. குஞ்சப்பனையைத் தாண்டி இறங்கும்போது பெடல் திடீரெனத் தரைவரை போய்விடுகிறது. நான்கைந்து முறை விட்டு விட்டு மிதித்தால்தான் சற்றுப் பிடிக்கிறது. மண்டியில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது எந்தக் குறையும் இல்லை. சர்வீஸ் சென்டரில் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு ‘வண்டியில் குறையே இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் பொய் சொல்கிறேன் என்றே நினைக்கிறார்கள்.

பதில்: நீங்களும் பொய் சொல்லவில்லை, அவர்களும் பொய் சொல்லவில்லை. அவர்கள் வெறும் வண்டியை, ஆறிய பிரேக்குடன், சமதளச் சாலையில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் கோளாறோ பாரமும் சூடும் சேர்ந்தால் மட்டுமே வெளிப்படக்கூடியது. அவர்கள் சோதித்த முறையில் முப்பது முறை சோதித்தாலும் அது கண்ணில் படாது.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் இறக்கம். பாரத்தோடு 3 டன் எடையுள்ள வண்டி அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது, அந்த இறக்கத்தின் ஆற்றல் முழுவதும் எங்காவது வெப்பமாக வெளியேறியாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், சுமார் 140 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம் அது. அதில் ஒரு பகுதியைக் காற்றும், கியரில் இறங்கினால் பெரும்பகுதியை என்ஜினும் வாங்கிக்கொள்ளும். கியரைப் பயன்படுத்தாமல் இறங்கினால், மிச்சம் முழுவதும் முன்சக்கர டிஸ்க்குகளிலும் பின்சக்கர டிரம்களிலும் போய்ச் சேரும்.

இந்தச் சூட்டில் இரண்டு விதமாகப் பிரேக் கைவிடும். டிரம்மில் உரசும் லைனிங்கும் டிஸ்க்கைப் பிடிக்கும் பேடும் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிப்பை இழப்பது ஒன்று. அப்போது பெடல் உறுதியாகவே இருக்கும், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டிதான் நிற்காது. மற்றொன்று, பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாவது. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும்; அதனால் நீங்கள் மிதிக்கும் மிதியெல்லாம் குமிழை அமுக்குவதிலேயே செலவாகிப் பெடல் தரைக்குப் போய்விடும். விட்டு விட்டு மிதித்தால் கொஞ்சம் பிடிப்பதும், ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஆகிவிடுவதும் இந்த இரண்டாவது வகையின் அடையாளங்கள். உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்கள் அப்படியே இதற்குப் பொருந்துகின்றன.

இரண்டரை ஆண்டுகளில் ஒருமுறையாவது பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மாற்றவில்லை என்றே கருதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் குறைந்ததை ஊற்றி நிரப்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரிவரை கொதிக்கக் கூடாது என்பது தர வரையறை. 4 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான ஈரம் சேர்ந்துவிட்டாலே அந்த வரையறை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இந்த இரண்டு எண்களும் 230, 155. நீலகிரியின் மழையிலும் பனியிலும் இரண்டரை ஆண்டுகள் கிடந்த ஆயில் எந்த எண்ணுக்கு அருகில் இருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். முதலில் பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றி, உங்கள் வண்டியின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள வகையைப் புதிய, முத்திரை உடைக்காத புட்டியிலிருந்து ஊற்றி, நான்கு சக்கரங்களிலும் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றச் (‘ஏர் எடுக்க’) சொல்லுங்கள். பாதி பயன்படுத்தி மூடி வைத்த புட்டியை வாங்காதீர்கள். ‘ஆயில்’ என்று பெயர் வந்துவிட்டதால் அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் எல்லாம் ஊதிப்போய், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் முதல் சக்கரம்வரை அனைத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இதோடு இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். வண்டியை நிறுத்தி, என்ஜின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கிறது. அது சூட்டுக்காகக் காத்திருக்காத கோளாறு. சர்வீஸ் சென்டர் அதை மறுக்கவும் முடியாது.

ஓட்டும் முறையைப் பற்றிச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருப்பது இந்த 140 லிட்டர் கணக்குக்காகத்தான். டீசலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் இறக்குகிறவர்கள், வண்டியைக் கியரில் வைத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால் இன்றைய என்ஜின்கள் டீசலை ஊற்றுவதையே நிறுத்திவிடுகின்றன என்பதை அறியாதவர்கள். நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமல் இருக்க டீசல் செலவாகிறது. என்ஜினையே அணைத்துவிட்டு இறக்குவது இன்னும் ஆபத்தானது. இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு, காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டரின் உதவியும் போய்விடும். சூடேறிய டிரம்மின்மேல் தண்ணீர் ஊற்றும் பழக்கமும் உங்கள் பகுதியில் உண்டு. அது டிரம்மில் கீறல் விடச் செய்யும். ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, தானாக ஆற விடுங்கள்.

ஆயிலை மாற்றி, கியரில் இறங்கியும் பெடல் இறங்கினால், நான்காவது முறை சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது வெறும் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். அனுமதிக்கப்பட்ட அளவு பாரத்துடன் இறக்கத்தில் ஓட்டிப் பார்க்க அவர்களுடைய ஆள் ஒருவர் உடன் வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அனுமதிக்கப்பட்ட அளவு என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஒன்றரை டன்னுக்கு உரிய வண்டியில் இரண்டரை டன் ஏற்றிக்கொண்டு போய்ப் பிரேக்கைக் குறை சொன்னால், அந்த வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: உதகையில் காய்கறி வண்டி ஓட்டுகிறேன். காலையில் முதல் சில முறை பிரேக் பெடல் கல்லைப்போல் இருக்கிறது. முழு உடல் எடையையும் போட்டு மிதிக்க வேண்டியிருக்கிறது. இது குளிரினாலா?

பதில்: குளிரின் மீது பழி போட வேண்டாம். இறுகிய பெடல் என்றால் முதலில் பார்க்க வேண்டியது வேக்குவம், அதாவது வெற்றிடம். பூஸ்டருக்குள் ஒரு பக்கம் வெற்றிடமும் மறுபக்கம் வெளிக்காற்றின் அழுத்தமும் இருப்பதால்தான் உங்கள் காலுக்கு உதவி கிடைக்கிறது. டீசல் வண்டியில் அந்த வெற்றிடத்தை உண்டாக்குவது என்ஜினோடு ஓடும் ஒரு சிறு பம்ப். அதிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், குழாயில் உள்ள ஒருவழி வால்வு பழுதாகி இரவெல்லாம் வேக்குவம் கசிந்திருக்கலாம், அல்லது பம்பே தேய்ந்திருக்கலாம். காலையில் மட்டும் இறுகுகிறது என்பதால் என் சந்தேகம் வால்வின் மீதே முதலில் விழுகிறது. விலை குறைந்த பொருள்தான்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. என்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள், அது இறுகிவிடும். காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடி என்ஜினைக் கிளப்புங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவே இல்லையென்றால் வண்டியை எடுக்காதீர்கள்.

உதகை என்பதால் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் நான்கில் மூன்று பங்குதான். பூஸ்டர் அந்த அழுத்தத்தை நம்பி வேலை செய்வதால், நல்ல நிலையில் உள்ள வண்டியிலும் மேலே இருக்கும்போது உதவி சற்றுக் குறையும். ஆனால் அந்தக் குறைவு முழு உடலையும் போட்டு மிதிக்க வைக்காது.

கேள்வி: செங்கல் ஏற்றுவதற்காகப் பின்னால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஸ்பிரிங் பட்டைகள் கூடுதலாகப் போட்டேன். அதற்குப் பிறகு முன் பிரேக் பேடுகள் ஐந்தாறு மாதத்திலேயே தேய்ந்துவிடுகின்றன. பாரத்தோடு திடீரென மிதித்தால் வண்டி முன்னால் குனிந்துகொண்டு வெகுதூரம் போய் நிற்கிறது. பட்டைக்கும் பிரேக்குக்கும் என்ன தொடர்பு என்று மெக்கானிக் கேட்கிறார். (நாமக்கல் மாவட்டம்)

பதில்: நேரடியான தொடர்பு உண்டு, மெக்கானிக்கை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல பிக்கப் வண்டிகளில் சேஸிஸில் ஒரு வால்வு பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி பின் அச்சுக்குப் போகும். பாரத்தை உணர்ந்து அழுத்தத்தைப் பங்கிடும் இந்த வால்வைச் சுருக்கமாக எல்.எஸ்.பி.வி. என்பார்கள். பாரம் ஏற ஏறப் பின்பக்கம் அமிழும். அச்சுக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளி குறையும். அந்தக் கம்பி திரும்பி, ‘பாரம் இருக்கிறது, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடு’ என்று வால்வுக்குத் தெரிவிக்கும். வெறும் வண்டியாக இருக்கும்போது பின் அழுத்தத்தைக் குறைத்து, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலாமல் காப்பதும் அதே வால்வுதான்.

நீங்கள் கூடுதல் பட்டை போட்டுப் பின்பக்கத்தை அமிழ விடாமல் செய்துவிட்டீர்கள். ஒன்றரை டன் செங்கல் ஏறியிருந்தும் வால்வைப் பொறுத்தவரை வண்டி காலியாகவே இருக்கிறது. அதனால் பின் டிரம்கள் ஏறக்குறைய ஓய்வில் இருக்க, மொத்தப் பாரத்தையும் முன் டிஸ்க்குகள் தனியாகச் சுமந்து நிறுத்துகின்றன. பேட் தேய்வதும், வண்டி குனிவதும், நிற்கும் தூரம் நீள்வதும் இதனால்தான்.

இதைக் கண்டுபிடித்த சிலர் அடுத்த தவறைச் செய்கிறார்கள்: வால்வையே கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டுவிடுகிறார்கள். பாரத்தோடு நன்றாக நிற்கும். செங்கலை இறக்கிவிட்டு, தூறல் விழுந்த சாலையில் காலியாகத் திரும்பும்போது ஒருமுறை அவசரமாக மிதித்தால், பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு வரும். சரியான வழி, கூடுதல் பட்டையை எடுத்துவிட்டு, வால்வின் கம்பி அளவை நிறுவனம் குறிப்பிட்டபடி அமைக்கச் செய்வது. ‘பட்டையை எடுத்தால் லோடு தாங்காதே’ என்பீர்கள். தாங்காத லோடு அந்த வண்டிக்கு உரியதல்ல என்பதைத்தான் பட்டை சொல்லிக்கொண்டிருந்தது. அதிகப் பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்பதை நினைவூட்டுகிறேன். ஆனால் அபராதத்துக்குப் பயந்து பாரத்தைக் குறைத்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கேள்வி: பிரேக் மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. அலைன்மென்ட் பார்த்தும் சரியாகவில்லை. (விருதுநகர்)

பதில்: மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் அது அலைன்மென்ட் அல்ல. பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் வலது முன் கேலிப்பர் இறுகிப்போய் வேலை செய்யாமல் இருக்கலாம், அல்லது வலது பக்க லைனிங்கில் ஆயில் சீல் கசிந்து எண்ணெய் படிந்திருக்கலாம். இழுக்கும் பக்கம் நன்றாக இருக்கும் பக்கம். எதிர்ப்பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் படிந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்ட வேண்டாம். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றிச் செல்கிறோம். நான்காவது ஆண்டில் பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் வெடித்து, பெடல் திடீரென ஆழத்துக்குப் போயிற்று. நல்ல வேளையாக ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழாய் துருப்பிடித்திருப்பதாகவும், அது பராமரிப்புக் குறை என்றும் நிறுவனத்தார் சொல்கிறார்கள். நான்கு ஆண்டில் பிரேக் குழாய் துருப்பிடிக்கலாமா?

பதில்: இந்தக் கேள்விக்கு எளிதான தீர்ப்புக் கிடையாது. உங்கள் வண்டியின் தளத்திலிருந்து வழியெல்லாம் சொட்டுவது வெறும் தண்ணீர் அல்ல. மீனோடு வந்த கடல்நீரின் உப்பு கலந்த ஐஸ் தண்ணீர். அது சேஸிஸின் மேல்விளிம்பில் ஓடும் இரும்புக் குழாயின்மேல், குறிப்பாகக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்குள் தேங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் நன்றாகவே இருக்கும். கிளிப்பை எடுத்தால் குழாய் பாதியாகத் தேய்ந்திருக்கும். உங்கள் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் பல மடங்கு அழுத்தத்தை, அவசரமாக மிதிக்கும் அந்த ஒரு கணத்தில் அந்தக் குழாய் தாங்க வேண்டும். அதனால்தான் துருப்பிடித்த குழாய் மெதுவாக ஓட்டும்போது வெடிக்காமல், அதிகம் தேவைப்படும் நேரத்தில் வெடிக்கிறது. முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றாக இருந்ததால்தான் முன் பிரேக்காவது மிஞ்சி உங்களைக் காப்பாற்றியது.

அமெரிக்காவில் இதே பிரச்சினை பெரிய அளவில் எழுந்தது. அங்கே குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1999 முதல் 2003 வரையிலான பிக்கப் வண்டிகளில் பிரேக் குழாய் துருப்பிடித்து வெடிப்பதாக உரிமையாளர்கள் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் ஏராளமாகப் புகார் செய்தார்கள். அந்த அமைப்பு பல ஆண்டுகள் விசாரித்து, 2015 ஏப்ரலில் ரீகால் (குறையுள்ள வண்டிகளை நிறுவனம் திரும்பப் பெற்றுச் சரிசெய்வது) எதுவும் இல்லாமல் விசாரணையை முடித்துக்கொண்டது. வண்டி பழையதாகும்போது உப்பால் ஏற்படும் தேய்மானம் இது, மற்ற நிறுவனங்களின் வண்டிகளிலும் இருக்கிறது, அடிப்பாகத்தைக் கழுவுங்கள், குழாய்களைச் சோதியுங்கள் என்பதுதான் உரிமையாளர்களுக்குக் கிடைத்த விடை. எனக்கு அந்த முடிவில் முழு உடன்பாடு இல்லை. உப்புச் சாலையில் விற்கப்போகும் வண்டிக்கு உப்பைத் தாங்கும் குழாயைப் போட்டிருக்கலாம் என்பதே என் எண்ணம். ஆனால் அங்கே பேசப்பட்டது பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டிகள். உங்களுடையது நான்கு ஆண்டு. அந்த வேறுபாட்டை நீங்கள் எழுத்தில் வலியுறுத்தலாம். வெடித்த குழாய்த் துண்டை எறிந்துவிடாதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது: ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது, தளத்திலிருந்து வடியும் நீரை ஒரு குழாய் வழியாகச் சேஸிஸில் படாமல் வெளியேற்றுவது, குழாயை மாற்றும்போது துருப்பிடிக்காத செம்பு–நிக்கல் கலவைக் குழாயைக் கேட்பது. வெடித்த இடத்தை மட்டும் வெட்டிப் பற்றவைத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வங்கிக் கடனில் பிக்கப் வாங்கி நானே ஓட்டுகிறேன், உடல்நிலை சரியில்லாத நாட்களில் மட்டும் ஒரு பையனைக் கூலிக்கு வைத்துக்கொள்கிறேன். வாங்கிய இரண்டாவது மாதத்திலிருந்தே பிரேக் தொல்லை. ஆறு முறை சர்வீஸ் சென்டரில் விட்டேன். இப்போது ‘இது வணிக வாகனம், நீங்கள் நுகர்வோர் நீதிமன்றத்துக்கே போக முடியாது’ என்கிறார்கள். உண்மையா? அரசிடம் புகார் செய்ய வழி உண்டா? (திண்டுக்கல்)

பதில்: உண்மையல்ல. உங்களை அச்சுறுத்துவதற்குப் பாதிச் சட்டத்தை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது சரிதான். ஆனால் சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டத்தின் விளக்கக் குறிப்பும் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 1995-இல் லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் வழக்கில் இதை விரிவாக விளக்கியது. கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. தொழிற்கல்வி நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கியவர் தொடுத்த வழக்கு அது. அந்த வழக்கில் வாங்கியவர் தோற்றார் என்றாலும், தீர்ப்பில் நீதிமன்றம் கொடுத்த எடுத்துக்காட்டுகள் உங்களுக்காகவே எழுதியவை போல இருக்கின்றன: தானே ஓட்டிப் பிழைப்பதற்காக லாரி வாங்கியவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோராகவே நீடிப்பார், முழுக்க முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்காக வாங்கியவர்தான் நுகர்வோர் ஆக மாட்டார். ஆகவே உங்கள் ஓட்டுநர் உரிமம், கடன் ஆவணம், வேறு வருமானம் இல்லை என்பதற்கான சான்று ஆகியவை பிரேக் ரசீதுகளுக்கு இணையாக முக்கியமானவை. புகார் மனுவிலேயே ‘சுயதொழில் மூலம் பிழைப்புக்காக’ என்ற சொற்கள் இடம்பெற வேண்டும்.

செலுத்திய விலை 50 லட்சத்துக்கு மேற்படாதவரை உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. விலை 5 முதல் 10 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய வழக்குகளில் தோற்பவர்கள் சட்டத்தால் தோற்பதைவிட, காகிதம் இல்லாமல் தோற்பதே அதிகம். ஆறு முறை வண்டியை விட்டேன் என்கிறீர்கள். வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் எழுதும் ஆறு ஜாப் கார்டுகளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். ‘பிரேக் செக்’, ‘ஜெனரல் செக்கப்’ என்றுதான் இருக்கும். ‘12,400 கிலோமீட்டரில், ஒரு டன் பாரத்துடன், மழை இல்லாத சாலையில், பெடல் உறுதியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை, எச்சரிக்கை விளக்கு எரியவில்லை’ என்று உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால், வண்டியை விடுவதற்கு முன் அதையே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு விடுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஆணையம் விரும்பினால் பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதை வெளிப்படையாக மனுவில் கேளுங்கள். உற்பத்திக் குறை என்று நீங்கள் சொல்வதும், ஓட்டியவரின் குறை என்று அவர்கள் சொல்வதும் எதிரெதிராக நிற்கும்போது, நிபுணரின் அறிக்கையே எடையைச் சாய்க்கும்.

அரசிடம் போகும் வழி வேறு. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற நிறுவனத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடைத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதற்கு முன்பெல்லாம் ரீகால் என்பது நிறுவனங்கள் தாமாக முன்வந்து செய்வதாகவே இருந்தது. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டியின் உரிமையாளர், மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் அதற்கென உள்ள பகுதியில் புகாரைப் பதிவு செய்யலாம். உங்கள் ஒரு புகாரால் மறுநாளே உத்தரவு வந்துவிடாது; அந்த மாடல் ஆண்டுக்கு எவ்வளவு விற்கிறது என்பதைப் பொறுத்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால்தான் விசாரணை நகரும். ஆகவே அதே மாடல் வைத்திருக்கும் உங்கள் ஸ்டாண்டு நண்பர்களும் அவரவர் பெயரில், அவரவர் சொற்களில் பதிவு செய்ய வேண்டும். ஒருவர் எழுதியதை நகல் எடுத்து முப்பது பேர் அனுப்பினால் அது முப்பது சாட்சியம் ஆகாது.

தனித்தனிப் புகார்கள் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அமெரிக்காவிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2014 முதல் 2018 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களிலும் அவற்றோடு சேர்ந்த பெரிய கார்களிலும் பெடல் இறுகுவதாகவும், வண்டி நிற்க நீண்ட தூரம் எடுப்பதாகவும் உரிமையாளர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். பாதுகாப்பு அமைப்பு 2018-இல் விசாரணையைத் தொடங்கியது; 2019 செப்டம்பரில் 34 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ரீகால் செய்யப்பட்டன. மேலே உதகை வாசகருக்குச் சொன்ன அதே வேக்குவம் பம்ப்தான் காரணம்: அதற்கு ஆயில் போகும் வழியில் உள்ள வடிகட்டி அடைத்துக்கொண்டு பம்ப் வலுவிழந்திருந்தது. குழாய்த் துரு விசாரணை கைவிடப்பட்டதும், இது வெற்றி பெற்றதும் ஒரே நாட்டில், ஒரே நிறுவனத்தின் வண்டிகளில் என்பதைக் கவனியுங்கள். வயதான வண்டியின் தேய்மானம் என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை.

கேள்வி: நான் சம்பளத்துக்கு ஓட்டுபவன். பின் பிரேக் லைனிங் முற்றிலும் தேய்ந்துவிட்டது என்று பல வாரங்களாக முதலாளியிடம் சொல்கிறேன்; ‘சீசன் முடியட்டும்’ என்கிறார். நாளை ஏதாவது நடந்தால் பொறுப்பு அவருடையதுதானே? (ஓசூர்)

பதில்: அவருடையது மட்டும் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு, குறை இருப்பது தெரிந்தே வண்டியை ஓட்டுபவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் ஒரே வரியில்தான் வைத்திருக்கிறது. விபத்து நேராவிட்டாலும் 1,500 ரூபாய் அபராதம். அந்தக் குறையால் விபத்து நேர்ந்து யாருக்காவது காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உயிர் போனால் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு வரும்; பாரதிய நியாய சன்ஹிதாவின்படி அதற்கு ஐந்து ஆண்டுவரை தண்டனை உண்டு. இழப்பீட்டுக்காக முதலாளியைத் தேடுவார்கள் என்றாலும், முதல் தகவல் அறிக்கையில் முதலில் ஏறுவது ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவரின் பெயர்தான்.

விபத்துக்குப் பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதிப்பார். சூட்டினால் ஏற்பட்ட பிடிப்பின்மை அதற்குள் ஆறிப்போய் மறைந்திருக்கும். ஆனால் தேய்ந்து ரிவிட் தெரியும் லைனிங்கும், கீறல் விழுந்த டிரம்மும் மறையாது. ‘பிரேக் பிடிக்கவில்லை ஐயா’ என்று நீங்கள் சொல்வது தப்பிக்கும் வழியாக எடுத்துக்கொள்ளப்படாது. அது உங்களுக்கு முன்பே தெரியுமா என்பதே அடுத்த கேள்வியாக வரும்.

முதலாளியிடம் வாயால் சொன்னது போதும். சக்கரத்தைக் கழற்றி, லைனிங்கைப் படம் எடுத்து, தேதியோடும் கிலோமீட்டர் கணக்கோடும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மாற்றும்வரை வண்டியை எடுக்க இயலாது என்று அதிலேயே பணிவாக எழுதுங்கள். இரண்டு பக்கமும் லைனிங் மாற்றுவது அரை நாள் வேலை; சீசனின் ஒரு நடை வருமானத்துக்குள் அடங்கும் செலவு. இதையும் அவருக்கு எடுத்துச் சொல்லலாம். ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள்: அப்படி எழுதி அனுப்பிவிட்டு, அவர் வற்புறுத்தினார் என்பதற்காக மறுநாள் காலையில் அதே வண்டியின் சாவியை நீங்கள் எடுத்தால், குறை உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அந்த வாட்ஸ்அப் செய்தியே சாட்சியாகிவிடும்.